தராசில் ஏறுமுன்: கிக்பொக்சிங் குழாத்துக்குப் போகும் மட்டக்களப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

கல்லடியில் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கிக்பொக்சிங் பழக்குகிறேன். வவுணதீவு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் யாராவது தேசிய குழாத்துக்குத் தெரிவானால் அன்றிரவே என் வட்ஸ்அப் நிறைந்துவிடும். பிள்ளை பயிற்சியைப் பற்றிக் கேட்கும், தாய் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பா. ஊக்கமருந்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை, "நம்மட புள்ள அப்பிடியெல்லாம் செய்யாது" என்ற நம்பிக்கை. நான் கண்டவரையில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது வீட்டு அலுமாரியிலிருந்தும் முச்சந்திப் பாமசியிலிருந்தும்தான். அதனால் கேட்ட கேள்விகளோடு கேட்காத சிலதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. பதினெட்டு வயதில் தராசுக்குப் பயந்து ஒரு முட்டாள்தனம் செய்தவன். அந்தக் கதை கீழே வரும்.

குழாத்தில் பெயர் வந்துவிட்டது. இனி வெளிநாடுதானே மாஸ்டர்?

இல்லை. குழாம் வேறு, அணி வேறு. ஒரே எடைப்பிரிவுக்கு நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஒன்றாகப் பழக்குவார்கள். போட்டி நெருங்கும்போது அவர்களுக்குள் தெரிவுச் சண்டை நடக்கும், ஒருவர் போவார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பெயர் வந்த நாளிலிருந்து உங்களை ஊக்கமருந்துச் சோதனைக்கு எப்போதும் கூப்பிடலாம். வாழ்த்துச் சொல்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கிக்பொக்சிங் என்றால் எல்லாம் ஒன்றுதானே?

உலக அமைப்பான வாக்கோ 1976 இல் தொடங்கியது. 2021 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. அதன் கீழ் விரிப்பில் ஆடுவதும் இருக்கிறது, கயிறு கட்டிய வளையத்தில் ஆடுவதும் இருக்கிறது. பொயின்ட் ஃபைட்டிங், லைட் கொன்டக்ட், கிக் லைட் மூன்றும் விரிப்பு. ஃபுல் கொன்டக்ட், லோ கிக், கே-1 மூன்றும் வளையம். ஃபுல் கொன்டக்டில் உதை இடுப்புக்கு மேலேதான். லோ கிக்கில் தொடைக்கும் உதைக்கலாம். கே-1 இல் முழங்காலும் சேரும். வளையத்தில் இரண்டு நிமிடச் சுற்று மூன்று, நடுவில் ஒவ்வொரு நிமிடம் ஓய்வு. மொத்தம் ஆறே நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்குத்தான் ஆறு மாதம் ஓடுகிறோம்.

பயிற்சி எப்படி இருக்கும்? என் மகன் தாங்குவானா?

முதல் கிழமையில் யாரும் தாங்குவதில்லை. ஊரில் கெட்டிக்காரனாக இருந்தவன் முகாமில் எல்லோரும் தன்னைப் போலவே இருப்பதைக் கண்டு கொஞ்சம் நொந்துபோவான். போன் எடுத்து அழுதால் பயப்படாதீர்கள்.

போகுமுன் இங்கே செய்ய வேண்டியது நிறைய. காலை ஐந்தரைக்குக் கல்லடிக் கடற்கரையில் மணலில் ஓடுகிறோம். மணல் காலை இழுக்கும், அதனால் முழங்காலுக்கு அடி குறைவு, கெண்டைக்காலுக்கு வேலை கூட. மாலையில் ஸ்கிப்பிங், நிழற்குத்து, பை, பாட் (நான் கையில் பிடிக்கும் மெத்தையில் அடிப்பது) என்று போகும். நான் பாட் பிடிக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு அலாரம் வைப்பேன். ஒன்றரை நிமிடம் ஆகும்போது பிள்ளையின் பின்கையைப் பார்ப்பேன். தாடையோடு இருந்த கை மெல்ல நெஞ்சுக்கு இறங்கும். மூச்சு முடிந்துவிட்டது என்று வாய் சொல்லுமுன் கை சொல்லிவிடும். அந்தக் கடைசி அரை நிமிடத்தில் கை இறங்காமல் நிற்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. அதற்குக் குளிசை கிடையாது.

ஸ்பாரிங், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது, கிழமைக்கு ஒரு நாள்தான், அதுவும் தலைக்கவசம், பற்கவசம், கணுக்கால்வரை முன்காலை மூடும் கவசம், பத்து அவுன்ஸ் கையுறை எல்லாம் போட்டபிறகு. தினமும் மண்டையில் அடி வாங்கிப் பழகினால் பயம் தெளியும் என்று சொல்லும் மாஸ்டர்மார் இன்னும் இருக்கிறார்கள். பயம் தெளியாது, மூளை கலங்கும். தலையில் பட்டுச் சுருண்ட பிள்ளையை நான் ஒரு மாதத்துக்கு வளையத்தில் ஏற்றுவதில்லை. தகப்பன் வந்து சண்டை பிடித்தாலும் ஏற்றுவதில்லை, பிடித்தும் இருக்கிறார்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கே வெயில் அடுப்பு மாதிரி. அந்த நேரம் ரெயின்கோட் போட்டு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

ரெயின்கோட் போட்டு ஓடினால்தானே எடை குறையும்?

குறைவது தண்ணீர். ஒரு போத்தல் குடித்தால் திரும்பி வந்துவிடும். கொழுப்பு அப்படியே இருக்கும்.

எங்கள் விளையாட்டில் வரும் வில்லங்கம் பெரும்பாலும் தராசில்தான் தொடங்குகிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளையத்தில் ஆண்களுக்கு 57, 60, 63.5, 67 கிலோ என்று பிரிவுகள் அடுக்காக இருக்கின்றன. 66 கிலோப் பையன் 67 இல் ஆடாமல் 63.5 இல் ஆட ஆசைப்படுவான், எதிராளி சின்னவனாக இருப்பான் என்ற கணக்கு. எதிராளியும் அதே கணக்குப் போட்டு மேலேயிருந்துதான் இறங்கி வருகிறான். கடைசியில் இரண்டு பேரும் காய்ந்த கருவாடாக வந்து நிற்பார்கள்.

எனக்குப் பதினெட்டு வயதில் எடை பார்ப்பதற்கு முதல்நாள் இரவு ஒன்றே கால் கிலோ கூடுதலாக இருந்தது. இரண்டு நாள் பட்டினி, துப்பித் துப்பி வாய் வறண்டுவிட்டது. ஒரு கூட்டாளி யோசனை சொன்னான். பெரியம்மாவுக்குக் கால் வீங்கினால் கொடுக்கும் நீர்க்குளிசை வீட்டில் இருந்தது. வெள்ளையாக, சின்னதாக, நடுவில் கோடு போட்டது. ஒன்றை விழுங்கினேன். இரவில் எத்தனை தரம் எழும்பினேன் என்று தெரியாது. காலையில் தராசு சரியாக நின்றது, கூட்டாளி முதுகில் தட்டினான். இரண்டாம் சுற்றில் வலதுகாலைத் தூக்கினேன், கெண்டை கல்லாகிப்போனது. வயிறும் பிடித்தது. தோற்றேன். அன்று என்னை யாரும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அந்தக் குளிசையின் பெயர் ஃபுரோசமைட். தடைப்பட்டியலில் போட்டி நாளிலும் மற்ற நாளிலும் தடை என்ற பகுதியில் அது இருக்கிறது. பிரஷர்காரர்கள் எடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் அதே பகுதியில்தான். உடம்பிலிருந்து நீரை இறக்கி எடையைக் குறைக்கும் என்பது ஒரு காரணம். சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு மருந்தை மறைக்கும் என்பது இன்னொன்று.

மற்றது சேலைன். தராசு முடிந்தவுடன் தனியார் கிளினிக்கில் ஒரு போத்தல் ஏற்றிக்கொண்டு வளையத்துக்குப் போகிற பழக்கம் இருக்கிறது. 12 மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை, அதில் மருந்து கலந்திருக்கத் தேவையில்லை. ஒரு சேலைன் போத்தல் 500 மில்லிலீற்றர். ஆஸ்பத்திரியில் உண்மையான சிகிச்சைக்காக ஏற்றினால் அது வேறு. உடம்பு அந்தளவுக்கு வற்றிவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வளையத்துக்கு அல்ல.

நான் செய்யும் வழி சாதாரணமானது. போட்டிக்குப் பத்துக் கிழமைக்கு முன்பே ஒரு கொப்பியில் ஒவ்வொரு திங்கள் காலையும் எடை எழுதுவோம். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கவிட மாட்டேன். அப்படியும் எட்டாது என்றால் மேல் பிரிவில் பதிவோம். பதினெட்டு வயதுக்குக் கீழே வளர்கிற பிள்ளை என்றால் குறைக்கவே மாட்டேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா?

மீன் கிடைக்காத ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி இது. வாவியிலும் கடலிலும் பிடிபடும் மீன், அவித்த முட்டை, பயறு, கடலை, எருமைத் தயிர், இது போதும். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்து பாட் அடிக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் சொல்கிறேன். சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்தால் சரி. இளநீருக்கு ஈடான பானம் எந்தப் போத்தலிலும் இல்லை, இது கொஞ்சம் ஊர்ப்பற்று.

புரோட்டீன் மா தடைசெய்யப்பட்டதல்ல, கிரியேட்டினும் அல்ல. டப்பாவில் எழுதாத ஒன்று உள்ளே இருப்பதுதான் பிரச்சினை. பயிற்சிக்கு முன் குடிக்கும் "எனர்ஜி" பவுடர்களில் டிஎம்ஏஏ என்ற ஊக்கி கிடந்திருக்கிறது. கொழுப்பு எரிக்கும் குளிசைகளில் சிபுட்ரமின், கிளென்புட்டெரோல் கிடந்திருக்கிறது. சதை வைக்கும் என்று விற்கும் சிலவற்றில் ஒஸ்டரின். எல்லாமே தடை. ஜிம் அண்ணா "நானும் இதத்தான் எடுக்கிறன், ஒண்டும் ஆகல்ல" என்பார். அவரை யார் சோதிக்கப்போகிறார்கள்? கட்டாயம் வேண்டுமென்றால் இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட் போன்ற வெளிச்சோதனை முத்திரை உள்ளதாக வாங்கி, தொகுதி இலக்கத்தையும் சரிபார்த்து, டப்பாவை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா இல்லாமல் கரண்டிக் கணக்கில் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுப்பதைத் தொடவே வேண்டாம்.

ஊக்கமருந்து என்றால் ஸ்டெரொயிட் ஊசிதானே?

அது ஒரு பகுதி. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 1999 இல் அமைந்தது, தலைமையகம் மொன்றியலில். அதன் சுருக்கப் பெயர் வாடா. தமிழில் எழுதினால் பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும், உண்மையில் கூப்பிடவும் செய்வார்கள். ஒவ்வொரு வருடமும் சனவரி 1 ஆம் திகதி அவர்களின் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் சரியாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. டிரமடோல் என்ற வலிக்குளிசை நல்ல உதாரணம், 2024 சனவரி முதல் போட்டியில் தடை.

பட்டியலில் சில பொருட்கள் எப்போதும் தடை: சதை வைக்கும் ஸ்டெரொயிட், வளர்ச்சி ஹோர்மோன், இரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஈபிஓ, நீர்க்குளிசை. சில போட்டியின்போது மட்டும் தடை: ஊக்கிகள், போதை தரும் வலிமருந்துகள், கஞ்சா, வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசொலோன் வகை ஸ்டெரொயிட். "போட்டியின்போது" என்பது முதல்நாள் இரவு 11.59 க்கே தொடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்துக்கு மருந்து உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். முதல்நாள் மத்தியானம் விழுங்கியது மறுநாள் சிறுநீரில் நிற்கும்.

இலங்கையில் இதற்குப் பொறுப்பு இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையம், ஸ்லாடா என்பார்கள். 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது.

தடிமன், காய்ச்சல் வந்தால் ஒன்றும் எடுக்கக்கூடாதா?

எடுக்கலாம். பனடோலுக்குத் தடையில்லை. இபுபுரொஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற வலிக்குளிசைகளுக்கும் இல்லை, வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்பது என் சொந்தப் புலம்பல். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் சேர்ந்த குளிசையில் கவனம். சிறுநீரில் மில்லிலீற்றருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் போட்டியில் அது குற்றம். கோப்பி, தேநீர் குடிக்கலாம்.

இழுப்புக்காரப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நீல நிறப் பம்ப், அதாவது சல்பூட்டமோல், இழுக்கலாம். 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம் உச்சம், எந்த எட்டு மணித்தியாலத்திலும் 600 ஐத் தாண்டக்கூடாது. ஒரு அழுத்தத்துக்கு 100 என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு ஆறு அழுத்தம். ஆனால் அதே சல்பூட்டமோலைக் குளிசையாகவோ பாணியாகவோ எடுத்தால் தடை. நம் பக்கத்தில் இழுப்பென்று போனால் கடதாசிப் பையில் அந்தக் குளிசையைத்தான் கட்டித் தருவார்கள். பையில் பெயரும் இருக்காது, "காலை 1, இரவு 1" என்று மட்டும் இருக்கும்.

உண்மையாகவே தேவையான மருந்து பட்டியலில் இருந்தால் சிகிச்சை விலக்கு அனுமதி கேட்கலாம். இன்சுலின் போடும் பிள்ளைக்கும் அந்த வழி இருக்கிறது. டொக்டரின் அறிக்கையோடு போட்டிக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் விண்ணப்பியுங்கள். முழங்காலுக்கு அந்த வீக்கம் அடக்கும் வகை ஸ்டெரொயிட் ஊசி போடுமுன் போட்டித் திகதியை டொக்டரிடம் சொல்லுங்கள். 2022 முதல் எந்த இடத்தில் போடும் அந்த ஊசியும் போட்டியில் தடை. மூட்டில் போட்டால் வகையைப் பொறுத்து மூன்று முதல் பத்து நாள் இடைவெளி வேண்டும். தசையில் போடும் டிரையம்சினலோனுக்கு அறுபது நாள்.

நாட்டு மருந்து பச்சிலைதானே, அதில் என்ன ஊக்கமருந்து?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும், பிறகு அடங்கிவிடும், ஏனென்றால் என் தாத்தாவும் விஷகடி வைத்தியர்.

உபுல் தரங்கவை நினைவிருக்கிறதா? 2011 உலகக் கிண்ணத்தில் எங்களுக்கு ஆரம்பத் துடுப்பாட்டக்காரர். தோள் உபாதைக்கு ஒரு மூலிகை மருந்து எடுத்தார். சோதனையில் பிரெட்னிசோனும் பிரெட்னிசொலோனும் வந்தன. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்று விசாரித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் மூன்று மாதத் தடை. வீட்டில் காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நோவு ஒரே இரவில் பறந்துபோகிறது என்றால் அந்தச் சூரணத்தில் பச்சிலை மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூலிகையே பட்டியலில் இருப்பதும் உண்டு. எட்டி மரம், காஞ்சிரை என்போம். திருக்கோவில் பக்கத்தில் காஞ்சிரங்குடா என்று ஊரே இருக்கிறது. அந்த மரத்தின் கொட்டையில் ஸ்ட்ரிக்னைன் இருக்கிறது. வாதத்துக்கும் நரம்புக்கும் அதைச் சுத்தி செய்து மருந்தில் சேர்ப்பார்கள். 1904 இல் சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதனை வென்ற தோமஸ் ஹிக்ஸுக்கு வழியில் ஸ்ட்ரிக்னைனும் பிராண்டியும் கொடுத்துத்தான் ஓடவைத்தார்கள். அப்போது தடையில்லை, ஆள் செத்துப்பிழைத்தார். இன்றைக்கு அது தடைப்பட்ட ஊக்கி. சீந்திலின் உறவுக்கொடி ஒன்று இருக்கிறது, டினோஸ்போரா கிறிஸ்பா என்பது தாவரப் பெயர். அதில் ஹிஜெனமைன் என்ற பொருள் உண்டு, 2017 முதல் அந்தப் பெயர் பட்டியலில் நிற்கிறது. வேலியில் படரும் கொடி எது என்று எல்லோருக்கும் பிரித்துத் தெரியாது. கஞ்சா சேர்த்த லேகியமும் மோதகமும் இருக்கின்றன, அவற்றை நான் விளக்கத் தேவையில்லை.

சுளுக்குக்கு எண்ணெய் போட்டு உருவுவதில் எனக்குப் பெரிய பயமில்லை. பற்றுப் போடலாம், ஒத்தடம் பிடிக்கலாம். உள்ளுக்குக் குடிக்கும் கசாயம், சூரணம், லேகியம், குளிகை என்றால் வைத்தியரிடம் சரக்கின் பெயரை எழுதி வாங்குங்கள். "அது பரம்பரை ரகசியம்" என்று அவர் சொன்னால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அவருக்கு ரகசியம் முக்கியம், உங்களுக்குப் பிள்ளை.

தெரியாமல் எடுத்ததற்குமா தண்டனை?

உடம்பில் இருந்தால் அது உங்கள் பொறுப்பு. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பது தண்டனையின் அளவைப் பேசும்போதுதான் வரும். சதை வைக்கும் ஸ்டெரொயிட் போன்றவற்றுக்கு வழமையாக நாலு வருடம். வேறு பல பொருட்களுக்கு வேண்டுமென்று செய்யவில்லை என்றால் இரண்டு, தவறு சிறிது என்று காட்ட முடிந்தால் இன்னும் குறையலாம். சோதனைக்கு வரமாட்டேன் என்று ஓடினாலும் நாலுதான். தடைக் காலத்தில் குழாத்தோடு பழகவும் முடியாது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு நாலு வருடம் என்பது என்னவென்று கணக்குப் பாருங்கள்.

2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாரச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். 72 வருடத்துக்குப் பிறகு குத்துச்சண்டையில் எங்களுக்குக் கிடைத்த தங்கம். அன்று என் வீட்டிலும் பட்டாசு. பிறகு சோதனையில் நன்ட்ரோலோன் என்ற ஸ்டெரொயிட் வந்து பதக்கம் போய்விட்டது.

மற்றப் பக்கமும் உண்டு. கிரிக்கெட் வீரர் குசல் ஜனித் பெரேராவை 2015 டிசம்பரில் ஹிஜெனமைன் என்று சொல்லி நிறுத்தினார்கள். அவர் விடாமல் போராடினார். ஆய்வுகூடத்தின் முடிவு நிற்காது என்று 2016 மே மாதம் குற்றச்சாட்டைத் திரும்ப எடுத்தார்கள். ஆய்வுகூடமும் பிழை விடும், அதனால்தான் உங்கள் மாதிரியை இரண்டு போத்தலில் எடுக்கிறார்கள். இரண்டாவதைத் திறந்து பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என் மகள் போகிறாள். சிறுநீர் எடுக்கும்போது ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார்களாமே?

உண்மைதான். போகுமுன்பே மகளிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் திகைக்கக்கூடாது. நிற்பது பெண்தான். பதினெட்டுக்குக் கீழே என்றால் கூட ஒரு பெரியவர் வரலாம். அவர் பிள்ளையைப் பார்க்க மாட்டார், அதிகாரி ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்ப்பார்.

எங்கள் பிள்ளை ஒருத்தியோடு நான் கொழும்பில் காத்திருந்த இரவைச் சொல்கிறேன். கடைசிச் சண்டை ஏழு மணிக்கு முடிந்தது. கையுறையைக் கழற்றுமுன் ஒரு பெண் அட்டையோடு வந்து கையொப்பம் வாங்கினா, அதன்பிறகு நிழல் மாதிரி கூடவே நின்றா. குறைந்தது 90 மில்லிலீற்றர் வேண்டும். வியர்த்துக் காய்ந்த உடம்பில் எங்கே இருக்கும்? அறையில் மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவள் பயத்தில் நாலு போத்தலை மடமடவென்று குடித்தாள். ஒன்பது மணிக்குக் கொடுத்தாள். அதிகாரி ஒரு துளியைக் கருவியில் வைத்துப் பார்த்தார்: மிக நீர்த்துவிட்டது, அடர்த்தி 1.005 வர வேண்டும், இன்னொருமுறை. பிள்ளை அழுதாள். பதினொரு மணிக்குத்தான் முடிந்தது, மட்டக்களப்பு இரவு பஸ் எப்போதோ போய்விட்டது. கோட்டை நிலையத்தில் பாணும் பருப்பும் சாப்பிட்டு விடியும்வரை இருந்தோம். அதனால் சொல்கிறேன், மெதுவாகக் குடியுங்கள். அன்றிரவுக்கு டிக்கட் போடாதீர்கள்.

சிறுநீர்ப் போத்தல் அடங்கிய கிட்டுகளில் ஒன்றைப் பிள்ளையே தெரிவுசெய்து எடுக்க வேண்டும். போத்தலில் ஊற்றுவதும் மூடியைத் திருகுவதும் பிள்ளைதான், வேறு யாரும் கைவைக்கக் கூடாது. போத்தலின் இலக்கமும் படிவத்தின் இலக்கமும் ஒன்றா என்று வாசித்துப் பாருங்கள். கடந்த ஏழு நாளில் எடுத்த எல்லா மருந்தையும், பனடோல் உட்பட, படிவத்தில் எழுதுங்கள். கோயில் திருவிழாவுக்கோ போட்டிக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் நொரெதிஸ்டெரோன் குளிசைக்குத் தடையில்லை. ஆனால் உடம்பில் அது உடையும்போது நன்ட்ரோலோனுக்கு வருவது போன்ற தடயம் வரலாம். வெட்கப்பட்டு விடாமல் எழுதிவிடுங்கள்.

படிவம் விளங்கவில்லை என்றால் மொழிபெயர்க்க ஒருவரைக் கேளுங்கள், அது உரிமை. ஒருமுறை ஓரிடத்தில் எங்கள் பையன் விளங்காமலே தலையாட்டிக் கையொப்பம் போட்டுவிட்டு வந்தான், அவன் எடுத்த இருமல் பாணியின் பெயர் எழுதப்படவே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முடிவு வரும்வரை அவன் தூங்கவில்லை. தகுதி பெற்ற ஆய்வுகூடம் இலங்கையில் இல்லாததால் மாதிரி வெளிநாட்டுக்குப் போய்த்தான் முடிவு வரும்.

நோன்பு மாதத்தில் பயிற்சியை நிறுத்தட்டுமா?

காத்தான்குடிப் பிள்ளைகள் வருடாவருடம் கேட்பார்கள். நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுவோம். நோன்பு திறந்து தராவீஹ் தொழுகை முடிந்தபிறகு ஒரு மணித்தியாலம் பாட், பகலில் நிழற்குத்து மட்டும். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு முட்டையும் தயிரும் சேருங்கள், தண்ணீரை இரவு முழுக்கப் பிரித்துக் குடியுங்கள். நோன்போடு எடைக்குறைப்பைச் சேர்க்கக் கூடாது. முகாம் அதிகாரிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சோதனைக்குப் பகலில் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும், தண்ணீர் குடிக்காமல் காத்திருக்கலாம்.

கஞ்சா, ஐஸ்?

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். போட்டிக்கு வெளியே, விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் கஞ்சா எடுத்தது என்று நிரூபித்தால் மூன்று மாதத் தடை, சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதமாகலாம். ஐஸ் என்ற போதைப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. யாராவது உங்கள் பிள்ளையை அந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் என்னிடம் வாருங்கள், பிள்ளையை வைய வேண்டாம்.

பாமசியில் எப்படிக் கேட்பது?

"நான் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் வீரர்" என்று முதலே சொல்லுங்கள். கம்பெனிப் பெயரைவிட மருந்தின் பொதுப் பெயர் முக்கியம், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும். அட்டையைப் படம் எடுத்து வையுங்கள். வெட்டிக் கொடுத்த குளிசையில் பெயர் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். குளோபல் டிஆர்ஓ என்ற தேடுதளத்தில் இலங்கை மருந்துகள் இல்லை, பொதுப் பெயரை வைத்து ஓரளவு பார்க்கலாம். சந்தேகம் என்றால் ஸ்லாடாவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரே ஒரு குளிசையை நீட்டினால்?

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வாங்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற மாஸ்டரிடம் குளிசையையும் வாங்காதீர்கள், பிள்ளையையும் விட்டுவைக்காதீர்கள். தடைசெய்த பொருளை வீரருக்குக் கொடுக்கும் பயிற்றுநருக்குக் குறைந்தது நாலு வருடம், வாழ்நாள் முழுக்கவும் போகலாம். மாஸ்டர் சொல்லித்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் பிள்ளை தப்பாது. குரு பக்தி காலைத் தொட்டுக் கும்பிடுவதோடு போதும்.

போட்டி முடிந்தது. இனி என்னவும் சாப்பிடலாமா?

ஹபரணையில் பஸ் நிற்கும்போது கொத்து ரொட்டி சாப்பிடுங்கள், ஒன்றுக்கு இரண்டு சாப்பிட்டாலும் நான் கேட்கமாட்டேன். பக்கத்துச் சீட்டு மாமி "உடம்பு நோவுக்கு நல்லது புள்ள" என்று கைப்பையிலிருந்து எடுத்துத் தரும் குளிசையை மட்டும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். குழாத்தில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறது.